காரணி

ஆசாரிபள்ளம் ஆஸ்பத்திரி, ஆறாம் நம்பர் அறை.
சின்ன டாக்டர் பேனா மூடியைக் கடித்தபடி கேட்கிறாள்.
வெற்றிலை? உண்டு, புகையிலை இல்லாமல்.
பீடி? நான் இல்லை. ததேயு, வள்ளத்தில் போகும் நாளில் மூன்று கட்டு.
ஊர்?
மணவாளக்குறிச்சிப் பக்கம் என்றதும் நிமிர்கிறாள்.

கருமணல். எல்லோரும் அதில்தான் நிமிர்வார்கள்.
முற்றத்தில் மீட்டர் வைத்தவர்கள்
ஒரு எண்ணை எழுதிக்கொண்டு டீ குடிக்காமல் போனார்கள்.
அந்த மண்ணில்தான் நெத்திலி காயவைத்தேன்.
அதில்தான் மகள் நடை பழகினாள்.
"மண்ணுதானா டாக்டர்?"
"உறுதியா சொல்ல முடியாதும்மா. அது ஒரு காரணியா இருக்கலாம்,
இல்லாமலும் இருக்கலாம்."

காரணி.
காரணம் என்றால் எனக்குத் தெரியும்.
அதன் சட்டையைப் பிடிக்கலாம்,
அதன் பெயரைத் தட்டியில் எழுதி கலெக்டர் ஆபீஸ் வாசலில் உட்காரலாம்,
பாவசங்கீர்த்தனத்தில் ஒப்படைத்துவிட்டு
மூன்று செபத்தோடு வீடு திரும்பலாம்.
காரணி அப்படியில்லை.
திருவிழாக் கூட்டத்தில் தோளை இடித்துவிடும்.
திரும்பினால் பத்துப் பேர் நிற்பார்கள்,
ஒரு முகத்திலும் ஒன்றும் இருக்காது.

இடக்கையை மேசைமேல் வைக்கச் சொல்கிறாள்.
மார்பை எடுத்து, அக்குளைத் துப்புரவாக்கி,
திருவனந்தபுரத்தில் இருபத்தைந்து நாள் கரண்ட் வைத்த பிறகு
பதினோரு வருஷமாக வளையல் ஏறாத கை.
இப்போது முழங்கைக்கு மேல்
நாவல்பழம் நசுங்கினதுபோல் நாலு புள்ளி.
மீன்பாத்திரம் இடித்தது என்றிருந்தேன்.
அவள் அழுத்தவில்லை, சுற்றிலும் மட்டும் தொட்டாள்.
நாள்பட்ட வீக்கமும் ஒரு காரணி என்றாள்.
அன்றைக்கு வைத்த கரண்டும்.
"அது என்னைக் காப்பாத்தினதுல்லா?"
"ஆமா. காப்பாத்துச்சு."
வேறொன்றும் சொல்லவில்லை.
அதனால் அவளைப் பிடித்துப்போனது.

பிறகு அந்தக் கேள்வி:
குடும்பத்தில் யாருக்காவது?

இதற்கு என்னிடம் ஏற்கெனவே ஒரு பதில் உண்டு.
போன வருஷம் தையில், முட்டத்திலிருந்து பெண் பார்க்க வந்தவர்கள்
பழம்பொரி தின்றுகொண்டே கேட்டார்கள்.
பையனுக்க அம்மை என் கையையே பார்த்தாள்.
"சின்னதிலே ஒடிஞ்சது, சரியா கட்டல்ல" என்றேன்.
"குடும்பத்துல வேற சீக்கு?"
"ஒருத்தருக்கும் இல்ல."
அடுப்படியில் பிரின்சி தேங்காய் துருவுவதை நிறுத்தினாள்.
பிறகு துருவினாள்.

சின்ன டாக்டர் காத்திருக்கிறாள்.
உண்டு, என்றேன்.
அண்ணன் கிளீட்டஸ், பதினேழு. பந்து பட்டு முட்டு வீங்கியதென்று
நாலு மாசம் தைலம் தடவினோம். எலும்பு.
அம்மைக்க தங்கச்சி, இருபத்தொன்பது. மார்பு.
அவளுக்க பையன், பள்ளிக்கூடம் சேரும் முன்னே. தலைக்குள்ளே கட்டி.
ஆணுக்குச் சதுரம், பெண்ணுக்கு வட்டம் போட்டாள்.
நோய் கண்டவர்களுக்கு உள்ளே மை அடைத்தாள்.
செத்தவர்கள் மேல் சாய்வாய் ஒரு கோடு.
என் வட்டத்துக்கும் மை அடைத்தாள், கோடு போடவில்லை.
போகப் போக பேனா மெதுவாகியது.

ரத்தத்தில் ஒரு சோதனை உண்டாம்.
வலை பின்னும்போதே விட்டுப்போன கண்ணிபோல்
பிறவியிலேயே வரும் ஒன்று, வீட்டுக்குள் கைமாறுமாம்.
இருந்தால் எல்லோருக்கும் நோய் வரும் என்றில்லை.
ஆனால் தெரிந்தால், முன்கூட்டியே பார்த்துக்கொண்டிருக்கலாம்.
அதுவும் காரணிதான்.
ஆனால் ஆள் அடையாளம் சொல்லக்கூடிய காரணி.

என் வட்டத்துக்குக் கீழே ஒரு வட்டம்.
"பேரு?"
"பிரின்சி. ஆறு மாசம்."
வெள்ளையாகவே விட்டாள்.
அதற்கும் கீழே, ஆணா பெண்ணா தெரியாததால்,
பட்டம்போல் ஒரு சின்னக் கட்டம்.

மருந்துச் சீட்டு வரிசையை விட்டு வெளியே வந்தேன்.
மூன்றாம் மணியில் எடுத்தாள். பின்னால் மிக்சி ஓடுகிறது.
"டாக்டர் என்ன சொன்னாவ, அம்மா?"
"ஒரு காரியம் சொல்லணும் மக்களே. மாமியார் பக்கத்துல உண்டா?"
"உண்டு."
"அப்போ ஸ்பீக்கர்ல போடு."

மிக்சி நின்றது.